ஒரு ஆள்தானே!



விருந்துக்குப் போனால் எப்படி நடந்து கொள்வது, நோயாளியைப் பார்க்கப் போனால் எவ்வளவு நேரம் இருப்பது, பஸ் வண்டியில் யாருக்கு எழும்பி இடம் கொடுப்பது என்றெல்லாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் துறையடியில் எப்படி நடந்து கொள்வது என்று நம்மில் எத்தனை பேர் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? “துறையடியா? அது படகுக்காரர்களின் விசயமல்லவா?” என்று நீங்கள் கேட்கக் கூடும். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எப்படிப் போயிற்று என்பதைத்தான் இம்மாதம் சொல்லப் போகிறேன்.

பெருநாள் விடுமுறை வந்தால் இப்போது குடும்பம் குடும்பமாகப் படகேறப் போகிறோம். குறிகட்டுவானில் நின்று நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிறோம். கற்பிட்டிக்குப் போய் டொல்பின் பார்க்கிறோம். இது உல்லாசமாகப் போகிறவர்களின் கதை. கிழக்கிலே எத்தனையோ ஊர்களில் பாடசாலைக்குப் போகவும், ஆஸ்பத்திரிக்குப் போகவும், வயலுக்குப் போகவும் தண்ணீரைக் கடந்தே ஆக வேண்டியிருந்தவர்கள், இன்னும் கடக்க வேண்டியிருப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கூட்டத்தாரும் வந்து நிற்பது ஒரே துறையில்தான்.

நான் வளர்ந்தது கிண்ணியாவில். ‘பாதை’ என்று சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெருதான் ஞாபகம் வரும். எங்கள் வயதுக்காரருக்கு அது தண்ணீரில் மிதந்து வந்த பாதை. லொறியும் பஸ்ஸும் மாட்டு வண்டியும் மனிதர்களும் அதில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்ட பிறகு, இப்போது பஸ்ஸில் தூங்கிக் கொண்டே கடந்து போகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், நல்லதுதான். ஆனால் அந்தத் துறையடியில் காத்து நின்று எங்கள் தாய்மார் எங்களுக்குச் சொல்லித் தந்த சில பழக்கங்கள், பாதையோடு சேர்ந்தே போய் விட்டனவோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

பஸ் துறையடிக்கு வந்ததும் உம்மா எங்களை நிழலில் ஒதுக்கி நிறுத்துவார். முதல் வேலை தலை எண்ணுவது. இரண்டாவது, முந்தானையில் முடிந்து வைத்த சில்லறையைக் கையில் எடுத்துக் கொள்வது. மூன்றாவது, எங்களுக்குச் சொல்வது.

“இறங்குறவங்க எல்லாரும் இறங்கட்டும். வாகனம் ஏறி முடியட்டும். ஆஸ்பத்திரிக்குப் போறவங்க முன்னுக்குப் போகட்டும். அதுக்குப் பொறகுதான் நாம.”

சில நாட்களில் எங்கள் முறை வருவதற்குள் பாதை நிறைந்து விடும். நாங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக் கொள்வோம். உம்மா அசைய மாட்டார். “அடுத்ததுல போவோம் மகள். பாதை எங்கேயும் ஓடிப் போகாது” என்பார். அப்போது எனக்கு உம்மா மீது கோபமாக வரும். எல்லோரும் நெருக்கியடித்துக் கொண்டு போகிறார்கள், நாம் மட்டும் ஏன் வெயிலில் நிற்க வேண்டும்? உம்மாவுக்குச் சாமர்த்தியம் போதாது என்றுதான் நினைத்தேன்.

திருமணம் முடித்து வேறு ஊருக்குப் போன பிறகு, அந்தச் சாமர்த்தியத்தை நானே காட்டினேன்.

உறவு வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் நாள் அஸர் தாண்டிய நேரம். ஒரு சின்னத் துறை. மறுகரை கண்ணுக்குத் தெரியும் தூரந்தான். என் கையில் நாலு வயது மகள். பக்கத்தில் பலகாரம் அடுக்கிய பெரிய பை. படகு நிறைந்து விட்டது. படகோட்டி வயதான மனிதர். கையை விரித்து, “இடமில்ல தங்கச்சி, போய்ட்டு உடனே வாறன்” என்றார்.

நான் விடவில்லை. “காக்கா, ஒரு ஆள்தானே! புள்ளைய மடியில வெச்சுக்குவன். மஃரிபுக்கு முன்ன போய்ச் சேரணும்” என்றேன்.

பிள்ளையோடு நிற்கிற பெண்ணை எப்படி விட்டு விட்டுப் போவது? அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு, “சரி, ஏறுங்க” என்றார். நான் ஏறியதைப் பார்த்ததும் கரையில் நின்ற இரண்டு இளைஞர்கள், “அவங்களுக்கு மட்டும் இடமிருக்கா?” என்று கேட்டுக் கொண்டே பாய்ந்து ஏறினார்கள். அவர்களைத் தடுக்க அவருக்கு வாயில்லாமல் போயிற்று. அந்த வாயை அடைத்தவள் நான்.

நடுவழியில் இஞ்சின் போட்ட இன்னொரு படகு வேகமாகக் கடந்து போனது. அதன் அலை வந்து எங்கள் படகின் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. நனைந்த பக்கத்திலிருந்த பெண்கள் அலறிக் கொண்டு எழும்பி மற்றப் பக்கத்துக்கு வந்தார்கள். படகு அப்படியே சாய்ந்தது. “குந்துங்க! எல்லாரும் இருந்த இடத்திலேயே குந்துங்க!” என்று படகோட்டி போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பக்கத்திலிருந்த ஒரு மூதாட்டி என் முந்தானையைப் பிடித்து இழுத்துக் கீழே உட்கார வைத்தார். கணுக்கால் வரை தண்ணீர். மகள் என் கழுத்தை நெரிக்கிற மாதிரிக் கட்டிக் கொண்டாள்.

அல்லாஹ்வின் உதவியால் கரை சேர்ந்தோம். அவர் யாரையும் ஏசவில்லை. பேணியொன்றை எடுத்துத் தண்ணீரை இறைக்கத் தொடங்கினார். அவருடைய கை நடுங்கிக் கொண்டிருந்தது. நான் காசைக் கொடுத்து விட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் நடந்து விட்டேன். பலகாரம் நனைந்ததே என்றுதான் அன்றிரவு கவலைப்பட்டேன். அந்தக் கை நடுக்கத்தின் அர்த்தம் எனக்கு விளங்கப் பல வருடங்களாயின.

2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்தது. பாலம் கட்டும் வேலை நடந்த இடம் அது. பாடசாலை நேரம். சின்னஞ்சிறு பிள்ளைகள் உட்பட ஆறு உயிர்கள் அன்றே போயின. பின்னர் அந்த எண்ணிக்கை இன்னும் கூடியது. புத்தகப் பையோடு அனுப்பி வைத்த பிள்ளையை ஜனாஸாவாகத் திரும்பக் கண்ட தாய்மாரின் துயரத்தை எழுத என்னிடம் வார்த்தை இல்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அந்தத் துயரத்துக்குப் பொறுப்பு யார் என்று விசாரிப்பது இப்பக்கத்தின் வேலையல்ல. பாலம் கேட்பதும், பாதுகாப்பான படகு கேட்பதும் மக்களின் உரிமை. அதைக் கேட்டுக் கொண்டேயிருக்க வேண்டும். படகில் எத்தனை பேரை ஏற்றலாம் என்று விதித்து, அதைக் கண்காணிக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கடமையை நம்முடைய நல்லொழுக்கத்தால் ஈடு செய்து விட முடியாது. ஆனால் அந்தச் செய்தியைக் கேட்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்த வயதான மனிதரின் கையும், “ஒரு ஆள்தானே” என்ற என் குரலும் மாறி மாறி வந்தன. மற்றவர்கள் செய்ய வேண்டியது ஆயிரம் இருக்கட்டும். என் கையிலிருந்ததை நான் செய்தேனா?

சகோதரிகளே, படகு ஏன் கவிழ்கிறது என்பதை நம் குசினியிலேயே பார்க்கலாம். அகலமான தட்டமொன்றில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் சற்றுச் சரிந்தால் போதும், தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே ஓடும். அது ஓட ஓடத் தட்டம் மேலும் சரியும். படகுக்குள் வந்த தண்ணீரும் அப்படித்தான். ஆட்கள் கூடக் கூடப் படகு தாழ்கிறது. நீர்மட்டத்துக்கும் விளிம்புக்கும் இடையே நாலு விரல் இடைவெளிதான் இருந்தால், ஒரு சிறு அலையே உள்ளே வந்து விடும். வந்த தண்ணீர் ஒரு பக்கம் ஓடும். பயந்த மக்கள் மறுபக்கம் ஓடுவார்கள். அவர்கள் எழும்பி நிற்பதால் பாரம் மேலே போய் விடும். படகு புரள அதற்கு மேல் வேறொன்றும் தேவையில்லை. ஆகவே கடைசியாக ஏறும் ‘ஒரு ஆள்’ ஒரு ஆள் அல்ல. அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர் ஏறுகிறார்கள். அந்த நாலு விரல் இடைவெளி இரண்டு விரலாகிறது.

கப்பலொன்றில் பயணம் செய்தவர்களைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்ன உவமை ஒன்று ஸஹீஹுல் புகாரியில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். சீட்டுப் போட்டுச் சிலருக்கு மேல்தளமும் சிலருக்குக் கீழ்தளமும் கிடைத்தன. கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காக மேலே போய் வர வேண்டியிருந்தது. மேலே உள்ளவர்களுக்கு ஏன் தொந்தரவு, நம்முடைய பகுதியிலேயே ஒரு துளை போட்டுக் கொள்ளலாமே என்று எண்ணினார்கள். அவர்களைத் தடுக்காமல் விட்டால் எல்லோரும் அழிவார்கள், கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் தப்புவார்கள் என்பது அதன் கருத்து. அந்த மக்கள் கெட்ட எண்ணத்தோடு துளை போட நினைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு சின்ன வசதிக்காகத்தான் நினைத்தார்கள். நான் கேட்டதும் ஒரு சின்ன வசதிதான்.

இனி, துறைக்குப் போகும்போது நாம் கவனிக்க வேண்டிய சில விசயங்களைச் சொல்கிறேன். கையிலிருக்கும் வேலையை வைத்து விட்டு, பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக் கொண்டு படியுங்கள்.

ஆயத்தமெல்லாம் மேலேயே முடிய வேண்டும். பையைக் கட்டுவது, சில்லறை தேடுவது, பிள்ளைக்குத் தொப்பி போடுவது, யார் யாரோடு இருப்பது என்று பேசி முடிப்பது எல்லாவற்றையும் கரையில் ஒதுங்கி நின்றே செய்து விடுங்கள். துறையின் சரிவும் படிக்கட்டும் படகுக்கும் பயணிக்கும் உரியவை. அங்கே நின்று நாம் கைப்பையைக் கிளறும்போது பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். அந்தச் சரிவில் முச்சக்கர வண்டியையும் மோட்டார் சைக்கிளையும் நிறுத்தி வைத்து விட்டு உங்கள் வீட்டு ஆண்கள் தேநீர் குடிக்கப் போனால், தயவு செய்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இறங்குகிறவர்களுக்கு முதல் உரிமை. படகு கரையைத் தொட்டதும் இடம் பிடிக்க முண்டியடிப்பது நம்மிடம் பரவிக் கிடக்கும் பழக்கம். இறங்கக் காத்திருப்பவர் தலையில் சுமையோடு இருப்பார், மடியில் குழந்தையோடு இருப்பார். அவர் கால் வைக்கும் இடத்தில் நாம் நின்றால் அவர் எங்கே கால் வைப்பார்? பாசி பிடித்த படி வழுக்கும். உயரமான செருப்பைக் கையில் எடுத்துக் கொள்வதில் வெட்கமில்லை.

ஏறும்போது விளிம்பில் கால் வைக்காமல் படகின் நடுவில் வையுங்கள். வைத்தவுடன் உட்காருங்கள். கைக்குழந்தையைத் தூக்கிக் கொண்டு தாவக் கூடாது. வீட்டார் ஒருவர் முதலில் ஏறி உட்கார்ந்து கொண்டு, குழந்தையை வாங்கிக் கொள்ளட்டும். அந்நிய ஆணின் கையைப் பிடிக்கச் சகோதரிகள் பலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தோடு அந்தரத்தில் ஆடி நிற்பதை விட, “ஒரு கயிறோ துடுப்போ பிடிக்கத் தாங்க” என்று படகோட்டியிடம் முன்கூட்டியே கேட்டு விடுங்கள்.

லைஃப் ஜக்கட் என்கிறோமே, அந்த உயிர்காப்பு அங்கியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். அபாயாவுக்கு மேலே அதைப் போட வெட்கப்பட்டு மடியில் வைத்துக் கொண்டிருக்கும் சகோதரிகளைப் பார்த்திருக்கிறேன். படம் எடுக்கும் வரை போட்டிருந்து விட்டுப் பிறகு கழற்றி வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். மடியில் இருக்கும் அங்கி யாரையும் காக்காது. பட்டிகளைக் கட்டாமல் தொளதொளவென்று போட்டால், தண்ணீரில் விழுந்ததும் அது மேலே ஏறி முகத்தை மூடி விடும். ஆகவே உடம்போடு ஒட்டக் கட்ட வேண்டும். கட்டத் தெரியாவிட்டால் பக்கத்திலிருக்கும் சகோதரியிடம் கேளுங்கள். பெரியவர்களின் அங்கியைப் பிள்ளைக்கு மாட்டினால் பிள்ளை கீழால் நழுவி விடும். பிள்ளைக்கென்று சின்ன அளவு இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன்பே கேட்டு விடுங்கள். கேட்பது தொந்தரவல்ல, அது உங்கள் உரிமை. நாலு தாய்மார் தொடர்ந்து கேட்டால்தான் அடுத்த மாதமாவது அந்தத் துறைக்குச் சின்ன அங்கிகள் வரும்.

ஓடும் படகில் எழும்பி நின்று கைத்தொலைபேசியில் படம் எடுக்க வேண்டாம். பார்க்க ஏதாவது தெரிந்தால் எல்லோரும் ஒரே பக்கம் சாய வேண்டாம். அலை அடித்து உடுப்பு நனைந்தால் நனையட்டும், இருந்த இடத்திலேயே இருங்கள். பிள்ளைகளுக்கு இந்த ஒரு பாடத்தையாவது மனப்பாடமாக்கி விடுங்கள். பயம் வந்தால் எழும்பக் கூடாது, குந்த வேண்டும்.

மீனவர்களின் துறைக்குப் போகும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. படகு கரைக்கு வரும் முன்னமே மீன் கேட்டு அதைச் சூழ்ந்து கொள்கிறோம். அந்த மனிதர் இரவெல்லாம் கடலில் கிடந்து விட்டு வருகிறார். கையில் கயிறு, காலடியில் அலை. படகு மேலே இழுக்கப்பட்டு, அவர் நிமிர்ந்து மூச்சு விட்ட பிறகு விலை கேட்கலாம். படகை இழுக்கும்போது அதன் முன்னால் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள். காயப் போட்டிருக்கும் வலையை மிதித்துக் கொண்டு குறுக்கே நடக்காதீர்கள். அந்த வலையை நம்பித்தான் ஒரு வீட்டில் உலை வைக்கிறார்கள்.

இன்னொன்று, துப்புரவு. நீர்த்துறையிலும், மக்கள் நடக்கும் வழியிலும், நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்தைத் தேடித் தரும் செயல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். துறையடி என்பது இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம். அங்கே நீரும் உண்டு, வழியும் உண்டு, காத்திருப்பவருக்கு ஒரு மர நிழலும் உண்டு. குழந்தையின் பம்பர்ஸையும், சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீனையும் அங்கே எறிந்து விட்டு வர எப்படி மனம் வருகிறது? பொலித்தீன் படகின் இஞ்சின் விசிறியில் சுற்றிக் கொண்டால் நடுவழியில் இஞ்சின் நின்று விடும். வீட்டிலிருந்து ஒரு வெறும் பையைக் கொண்டு போங்கள். குப்பை அந்தப் பையில் வீட்டுக்கே வரட்டும்.

கடைசியாக, மிக முக்கியமானது. படகோட்டி “இடமில்லை” என்றால், அந்த வார்த்தைக்கு மரியாதை கொடுங்கள். அவரைக் கெஞ்சாதீர்கள். காசு கூடத் தருவதாகச் சொல்லாதீர்கள். பிள்ளையைக் காட்டி இரங்க வைக்காதீர்கள். நாள் கூலியை நம்பி வாழும் மனிதருக்கு ஓர் ஆளை வேண்டாம் என்று சொல்வது சுலபமல்ல. அவர் அப்படிச் சொல்லும்போது தன் வருமானத்தை விட்டுக் கொடுத்து நம் உயிரைக் காக்கிறார். “பரவாயில்லை காக்கா, அடுத்ததுல வாறோம்” என்று ஒரு பெண் சொல்லி விட்டால், பின்னால் நிற்கும் இளைஞர்களும் பாய மாட்டார்கள். அவரே கூட்டமாக ஏற்றினாலும் நாம் இறங்கி நிற்கலாம். “ஆள் கூடிப் போச்சு, நாங்க பொறகு வாறோம்” என்று மெதுவாகச் சொன்னால் போதும். சண்டை பிடிக்கத் தேவையில்லை. உண்மையில் அவசரமான நோயாளி ஒருவர் வந்து நின்றால், அவருக்காக ஏற்கெனவே ஏறியிருப்பவர்களில் இரண்டு பேர் இறங்கிக் கொடுப்பதுதான் முறை. அவரையும் மேலே ஏற்றிக் கொள்வது உதவியாகாது.

சில மாதங்களுக்கு முன் மகளின் குடும்பத்தோடு ஒரு துறைக்குப் போயிருந்தேன். அன்று என் கழுத்தைக் கட்டிக் கொண்ட அதே மகள்தான். இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். படகு ஏறக்குறைய நிறைந்திருந்தது. எங்களில் மூன்று பேருக்கு இடமிருந்தது, நாங்கள் ஐந்து பேர். மருமகன் படகோட்டியிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் மகள், “வேணாம், நாம எல்லாரும் அடுத்ததுல போவோம்” என்றாள். பேரன் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டான். அவள் அவனை மர நிழலுக்குக் கூட்டிப் போய், “படகு எங்கேயும் ஓடிப் போகாது மகன்” என்றாள்.

நான் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, சகோதரிகளே. உம்மம்மாவின் மடியிலிருந்து கேட்டிருப்பாள். உம்மா மர்ஹூமாகிப் பல வருடங்களாகின்றன. அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக. முக்கால் மணித்தியாலம் வெயிலில் காத்திருந்தோம். எனக்கு அது நீளமாகத் தெரியவில்லை.

அடுத்த மாதம் இன்ஷா அல்லாஹ் மீண்டும் சந்திப்போம். உங்கள் ஊர்த் துறையில் நீங்கள் கண்ட நல்ல பழக்கம் ஏதும் இருந்தால் எழுதி அனுப்புங்கள். மற்றச் சகோதரிகளுக்கும் உதவும்.

வஸ்ஸலாம்.